எர்த் பின்னை ஒடிக்காதீர்கள்

ஆம்ப்ளிஃபையரில் ஹம் வருகிறது என்று சொன்னால் சில மெக்கானிக்குகள் முதலில் செய்வது ஒன்றுதான். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னைக் கட்டிங் பிளேயரால் பிடித்து ஒடித்துவிடுவார்கள். இல்லையென்றால் சாக்கெட்டைக் கழற்றி, பின்னால் இருக்கும் பச்சை ஒயரை விடுவித்து, டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுவார்கள். ஹம் அந்த நிமிடமே நின்றுவிடும். வீட்டுக்காரரும் மகிழ்ச்சியாகக் காசு கொடுத்து அனுப்புவார்.

குடியாத்தத்தில் ரேடியோ ரிப்பேர், மைக் செட் என்று தொழில் செய்த காலம் முழுக்க இந்த வேலையை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். கடையைப் பிள்ளைகள் கையில் விட்ட பிறகும் பேசுவதை விடவில்லை. இப்போது எழுதியும் வைக்கிறேன். காரணம் இருக்கிறது. நடுவில் கொஞ்ச காலம் மக்கள் செல்போனிலேயே பாட்டுக் கேட்டார்கள். ஹம் என்கிற தொல்லையே மறந்து போயிருந்தது. இப்போது மறுபடியும் வீடுகளில் நல்ல ஸ்பீக்கர், நல்ல ஆம்ப்ளிஃபையர் வருகின்றன. கம்ப்யூட்டரிலோ இன்டர்நெட்டிலோ இருக்கும் பாட்டை ரவுட்டர் வழியாக இழுத்து வாசிக்கும் ஸ்ட்ரீமர் பெட்டிகள் வந்துவிட்டன. அறைக்கு அறை ஒயர் ஓடுகிறது. அந்த ஒயர்களோடு பழைய ஹம்மும் திரும்பி வந்திருக்கிறது. பின்னை ஒடிக்கும் பழக்கமும் கூடவே வந்திருக்கிறது.

எங்கள் காலத்து இரைச்சல் வேறு மாதிரி. சென்னை வானொலியை 720 கிலோஹெர்ட்ஸில் வைத்துவிட்டு உட்கார்ந்தால், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவதும் ட்யூப்லைட் சோக் கெட்டுப்போயிருப்பதும் செய்தியோடு சேர்ந்தே கேட்கும். மத்திய அலை ஒலிபரப்பில் அலையின் உயரந்தான் குரலைச் சுமக்கிறது. மின்சாரத் தீப்பொறியும் உயரத்தைத்தான் கலைக்கும். அதனால் இரண்டையும் பிரிக்க வழியில்லை. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933இல் எஃப்.எம். முறைக்குக் காப்புரிமை பெற்றதே இந்தத் தொல்லையிலிருந்து தப்பத்தான். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது.

ஆனால் இரைச்சலைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தது வானொலி அல்ல, எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வைகாசி முதல் நாள் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கெங்கையம்மன் சிரசு புறப்பட்டுக் கோபாலபுரம் வரை வரும். அந்த வழியெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்ட வேண்டும். மைக் ஒரு இடம், ஆம்ப்ளிஃபையர் ஒரு இடம். நடுவில் நீளமான ஒயர், அதன் தலைக்கு மேலே சீரியல் லைட், பக்கத்தில் ஜெனரேட்டர், ராட்டினத்தின் மோட்டார். ஒற்றைக் கம்பியும் வலை உறையும் உள்ள சாதாரண ஒயரைப் போட்டால், மைக்கில் பேசுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் ‘கொர்ர்’ என்று பேசிவிடும்.

அதற்கு எங்கள் மூத்தவர்கள் சொல்லித் தந்த வைத்தியம், இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிய ஒயர். ஒரே குரலை இரண்டு கம்பியிலும் ஒன்றுக்கொன்று தலைகீழாக அனுப்புவோம். வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறும், ஏனென்றால் முறுக்கியிருப்பதால் இரண்டும் எல்லா இடத்திலும் சமமாகப் படுகின்றன. ஆம்ப்ளிஃபையரின் வாசலில் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் உள்ளே விடும். குரல் உள்ளே போகும்; சமமாக ஏறிய இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு அங்கேயே தீர்ந்துவிடும். அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே தொலைபேசிக் கம்பிக்காக இந்த முறுக்குக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். இன்றைக்கு ரவுட்டரிலிருந்து ஓடும் லேன் கேபிளை வெட்டிப் பாருங்கள். உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள், ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியாக முறுக்கியிருக்கும். மைக் செட்டுக்காரனுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

பக்கத்துப் பேரணாம்பட்டில் எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர். டேனரியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். வெளிநாட்டில் இருக்கும் மகன் அவருக்கு ஸ்ட்ரீமரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கித் தந்தான். நாகூர் ஹனிபா பாடல்கள் முழுவதும் கீழ்வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தார். பாட்டுக் கேட்கும் அறை மாடியில். கீழே இருந்து மாடிக்கு லேன் கேபிள். எல்லாம் சேர்ந்தபோது பாட்டின் அடியில் ஒரு ஹம், அதற்கு மேலே ‘ஙீ’ என்று மெல்லிய ஓசை. கீழே கம்ப்யூட்டரில் யாராவது வேலை செய்தால் அந்த ஓசை ஏறி இறங்கும்.

“அண்ணே, இதுக்கு ஏதோ ஃபில்டர் விக்கிறாங்களாம். வாங்கிப் போட்டுடலாமா?” என்றார் பாய்.

“மொதல்ல எதையும் சேர்க்க வேணாம் பாய். ஒவ்வொண்ணா எடுத்துப் பார்ப்போம்” என்றேன்.

எங்கள் தொழிலின் முழுச் சாரமும் இந்த ஒரு பழக்கத்தில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரைத் தவிர எல்லா ஒயரையும் பிடுங்கினோம். சத்தமே இல்லை. அப்படியானால் ஆம்ப்ளிஃபையர் நல்லபடியாக இருக்கிறது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் ஹம் இருந்திருந்தால் உள்ளே ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்துபோயிருக்கும். அது வேறு வைத்தியம். அடுத்து ஸ்ட்ரீமரை மாட்டினோம், லேன் கேபிள் இல்லாமல். அப்போதும் அமைதி. லேன் கேபிளைச் செருகினோம். ஹம் வந்துவிட்டது. திருடன் வரும் வழி தெரிந்துவிட்டது, ஒரு ரூபாய் செலவில்லாமல்.

அந்தக் கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தடியாக, வெள்ளி நிற உறையோடு, இரண்டு முனையிலும் உலோகக் கவசம் போட்ட பிளக்கோடு இருந்தது. கடையில் ‘இதுதான் இருப்பதிலேயே சுத்தமான கேபிள்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாதாரண லேன் கேபிளில் இரண்டு பெட்டிகளின் எர்த்தும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஒவ்வொரு லேன் போர்ட்டுக்குள்ளும் 1,500 வோல்ட் வரை தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று காவல் இருக்கிறது. அந்தப் பக்கத்து மின்சாரம் இந்தப் பக்கம் வராமல், தகவல் மட்டும் காந்தப்புலமாகத் தாண்டி வரும். உலோக உறை போட்ட கேபிளோ அந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டு பெட்டிகளின் உடம்பையும் இணைத்துவிடுகிறது.

இணைத்தால் என்ன? பாய் வீட்டில் கீழ்த்தளத்துக்கு எர்த் குழி கிணற்றோரம். மாடி பின்னால் கட்டியது. அதற்கு வீட்டின் பின்புறம் தனிக் குழி. இரண்டு எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது. நீர்மட்டம் வேறான இரண்டு ஏரிகளுக்கு நடுவே கால்வாய் வெட்டினால் தண்ணீர் ஓடத்தானே செய்யும். அந்த உறை வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடியது. கம்ப்யூட்டரின் ஸ்விட்சிங் இரைச்சலும் அதோடு சேர்ந்து ஓடியது. ஸ்ட்ரீமருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே இருக்கும் ஆடியோ ஒயர் அந்த ஓட்டத்தில் ஒரு பங்கைச் சுமந்தது. எர்த் லூப் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

கடையிலிருந்து பிளாஸ்டிக் பிளக் வைத்த சாதாரண கேட்-6 கேபிளை வரவழைத்து மாட்டினோம். ஹம்மும் போயிற்று, ‘ஙீ’யும் போயிற்று. பாய்க்குக் கொஞ்சம் வருத்தம். “வெல கூடுன கேபிள்தானேண்ணே தப்பு பண்ணுச்சு?” என்றார். கேபிள் மேல் தப்பில்லை. டேனரியில் டிரம் சுற்றும் பெரிய மோட்டார்களுக்கு வேகம் கூட்டிக் குறைக்கும் டிரைவ் மாட்டியிருக்கிறார்களே, அந்த மாதிரி இடத்தில், எல்லா எர்த்தும் ஒரே கட்டமாக இணைந்திருக்கும்போது, உறை போட்ட கேபிள்தான் சரி. வீட்டுக்கு அது வேண்டாத கவசம். பிறகு அந்த இரண்டு எர்த் குழிகளையும் தடித்த கம்பியால் ஒன்றாக இணைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரே கட்டடத்தில் இரண்டு எர்த் தனித்தனியாக நிற்பது பாட்டுக்கும் கெடுதல், ஆளுக்கும் கெடுதல்.

ஹம் கொஞ்சம்தானே, விட்டுவிடலாமே என்று சிலர் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இந்தப் பெட்டிகளிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் முழு ஒலி சுமார் 2 வோல்ட். அதில் ஒரே ஒரு மில்லிவோல்ட் ஹம் கலந்தால், பாட்டுக்கும் ஹம்முக்கும் உள்ள இடைவெளி 66 டெசிபல். சாதாரண சி.டி. தரத்தில் பதிந்த பாட்டே சுமார் 96 டெசிபல் இடைவெளி தர வல்லது. ஆக, ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலே 30 டெசிபல் கைவிட்டுப் போகிறது. போவது பாட்டின் உரத்த பகுதி இல்லை. தம்புராவின் கார்வை, பாடகர் மூச்சு எடுக்கும் இடம், வீணைத் தந்தி மீட்டிய பிறகு தேய்ந்து அடங்குகிற அந்தக் கடைசி நொடி, இவைதான் போகின்றன. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். கேட்க வந்தவர்கள் இம்மென்ற சத்தம் எழுப்பாமல் உட்கார்ந்திருப்பார்களாம். அவ்வளவு மெல்லிய வாசிப்பு. அதைக் கேட்கிற பாக்கியம் நமக்கு ஒரு பெட்டி வழியாகக் கிடைக்கும்போது, அந்தப் பெட்டி இரைந்துகொண்டே இருக்கலாமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லேன் கேபிளை மாற்றினால் பாட்டே இனிமையாகிவிடும் என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறவர்களின் பேச்சைக் கேட்டுப் பணத்தை விடாதீர்கள். கேபிளில் போவது எண்கள். சி.டி. தரப் பாட்டுக்கு வினாடிக்கு 1.4 மெகாபிட் போதும். சாதாரண கேபிளே 100 மெகாபிட், ஆயிரம் மெகாபிட் என்று சுமக்கிறது. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஸ்ட்ரீமர் கொஞ்சம் பாட்டை முன்கூட்டியே சேமித்துக்கொண்டுதான் வாசிக்கிறது. எண்களில் தூசி படியாது. கெடுவது எண்கள் வந்து சேர்ந்த பிறகு, அவை ஒலியாக மாறும் இடத்தில், உலோகத்தின் வழியே கூடவே வந்த மின்சார இரைச்சலால்தான். ஆகவே பார்க்க வேண்டியது கேபிளின் விலையை அல்ல. அது எந்த இரண்டு பெட்டிகளின் உடம்பைத் தொட வைக்கிறது என்பதை.

இனி அந்தப் பின்னுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு. மகன் பாட்டுப் பிரியன். ஹாலில் ஆம்ப்ளிஃபையர், டி.வி., செட்-டாப் பாக்ஸ். செட்-டாப் பாக்ஸுக்குத் தெருவிலிருந்து வரும் கேபிள் டி.வி. ஒயர் ஊரெல்லாம் சுற்றி எங்கெங்கோ மின்சாரம் வாங்கும் பூஸ்டர்களைத் தொட்டு வருவது. அதன் உறை ஒரு எர்த், வீட்டு பிளக் இன்னொரு எர்த். லூப் உண்டாகி ஹம் வந்திருக்கிறது. வந்த ஆள் ஹால் போர்டுக்குள் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டுப் போய்விட்டான். ஹம் நின்றது. ஆனால் பல வீடுகளில் எர்த் ஒயரை ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு இழுத்துக்கொண்டே போயிருப்பார்கள். ஹாலில் கழற்றியபோது அதற்குப் பின்னால் இருந்த சமையலறைக்கும் எர்த் அற்றுப்போனது யாருக்கும் தெரியாது.

அந்த வீட்டு அம்மா கிரைண்டரில் மாவு அரைக்கிறவர். ஈரத் தரை, வெறுங்கால். கிரைண்டரைத் தொட்டால் சுரீரென்கிறது என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். மருமகளிடம் சொல்லியிருக்கிறார். வயதாகிவிட்டது, நரம்புத் தளர்ச்சி, டாக்டரிடம் காட்டலாம் என்று பதில் வந்திருக்கிறது. அந்த அம்மா சொல்வதை நிறுத்திவிட்டார். கிரைண்டரைத் தொடுமுன் கையைப் புடவைத் தலைப்பால் சுற்றிக்கொள்ளப் பழகிவிட்டார். வேறு ஏதோ வேலையாகப் போன என்னிடம், “உனக்குக் கரண்டு வேலை தெரியுமில்லப்பா, இதைக் கொஞ்சம் பாரு” என்று மெதுவாகக் கேட்டார். மீட்டரை வைத்துப் பார்த்தேன். கிரைண்டர் உடம்புக்கும் எர்த்துக்கும் நடுவே 90 வோல்ட்டுக்கு மேல்! மோட்டாரின் இன்சுலேஷன் தேய்ந்து கசிகிறது. எர்த் இருந்தவரை அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. எர்த்தைக் கழற்றிய பிறகு அதற்கு ஒரே வழி அந்த அம்மாவின் கைதான்.

அன்றைக்கே எர்த்தைச் சேர்த்தேன். கிரைண்டர் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்பினோம். கேபிள் டி.வி. ஒயரில் ஒரு ஐசொலேட்டர் மாட்டினேன். உள்ளே சின்னக் கெபாசிட்டர்கள்தான், டி.வி. அலையை விட்டுவிட்டு 50 ஹெர்ட்ஸை மட்டும் நிறுத்தும். ஹம் போய்விட்டது, எர்த்தும் இருக்கிறது. முதலில் வந்த ஆள் இதைச் செய்ய அதிகம் போனால் அரை மணி நேரம் பிடித்திருக்கும்.

நான் மின்சாரம் மட்டும் பேசவில்லை என்று படிக்கிறவர்களுக்குப் புரிந்திருக்கும். அந்த வீட்டில் இரண்டு சத்தங்கள் இருந்தன. ஒன்று ஸ்பீக்கரில் வந்த ஹம். மற்றது அந்த அம்மாவின் புகார். இரண்டுமே ‘வீட்டில் ஏதோ சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒரே விதமாகத்தான் நிறுத்தினார்கள்: காரணத்தைத் தேடாமல், சத்தத்தை மட்டும். வீட்டில் அமைதி வந்துவிட்டது என்று நினைத்தார்கள். அந்த அமைதியில்தான் கிரைண்டரின் உடம்பில் 90 வோல்ட் நின்றுகொண்டிருந்தது.

நம் குடும்பங்களில் இதை எத்தனை இடத்தில் பார்க்கிறேன். வேலைக்குப் போன இடத்தில் தொந்தரவு என்று பெண் வந்து சொன்னால், ‘இதையெல்லாம் பெரிசு பண்ணாதே’ என்கிறோம். பாகப் பிரிவினையில் தம்பி முணுமுணுத்தால் நாலு பெரியவர்களை வைத்து வாயை அடைக்கிறோம். கட்டிக்கொடுத்த மகள் போனில் அழுதால் ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று வைத்துவிடுகிறோம். பேச்சு நிற்கிறது. நிற்க வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்குகிறார்கள். நானும் வயதானவன், நாலு பஞ்சாயத்தில் உட்கார்ந்தவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்: ஒருவர் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னால், அவரை நிறுத்துவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதை எடுத்தால் அந்தப் புகார் நிற்கிறது, எதைச் செருகினால் திரும்பி வருகிறது? பொறுமைதான் வேண்டும், பெரிய அறிவு வேண்டாம். அந்த அம்மாவின் கிரைண்டரை யாராவது ஒரு தரம் தொட்டுப் பார்த்திருந்தாலே போதும்.

மறுபடி மின்சார இரைச்சலுக்கே வருகிறேன். இரைச்சல் உள்ளே வரும் வழியை மூடுவதில் நம் நாட்டு விஞ்ஞானிகள் பெரிய வேலைகள் செய்திருக்கிறார்கள். புனேக்கு வடக்கே கோடாட் கிராமத்தில் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. வானொலித் தொலைநோக்கியில் ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் சுமார் 25 கிலோமீட்டர் பரப்பில் நிற்கின்றன. கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று கட்டியது. ஊட்டி முத்தோரையில் 1970இல் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை மலைச்சரிவில் அமைத்தவரும் அவரே. மனிதர் எழுப்பும் ரேடியோ இரைச்சல் குறைந்த இடமாகத் தேடித்தான் கோடாடுக்குப் போனார்கள். அந்த 30 ஆன்டெனாக்களின் சிக்னலையும் மைய நிலையத்துக்குக் கண்ணாடி இழையில்தான் கொண்டுவருகிறார்கள். கண்ணாடியில் ஒளி மட்டும் போகும், மின்சாரம் போகாது. நமக்கு இன்னும் பக்கத்தில், ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு இருட்டான வானத்தைத் தேடி ஆய்வுக்கூடம் அமைத்தார், 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. அவர்களுக்கு ஊர் வெளிச்சம்தான் இரைச்சல்.

அந்தக் கண்ணாடி இழை இப்போது நம் தெருவுக்கே வந்துவிட்டது. ஃபைபர் இன்டர்நெட் போட்ட வீட்டில் தெருவின் மின்சார இரைச்சல் அந்த வழியில் நுழையாது. மின்னல் அடித்தாலும் பழைய கேபிள் ஒயர் போல அது பெட்டியைச் சுட்டெரிக்காது. வீட்டுக்குள்ளும் இந்த வழி உண்டு. ஸ்ட்ரீமரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கோ, எண்களை ஒலியாக மாற்றும் டிஏசி பெட்டிக்கோ ஆப்டிகல் ஒயர் போடலாம். 1983இல் தோஷிபா கொண்டுவந்தது, பல டி.வி.க்களில் சின்னச் சிவப்பு வெளிச்சத்தோடு ஒரு துளை இருக்கிறதே, அதுதான். யு.எஸ்.பி. ஒயரில் கம்ப்யூட்டரின் எர்த்தும் இரைச்சலும் கூடவே வரும், ஆப்டிகலில் வராது. வை-ஃபையில் ஒயரே இல்லாததால் லூப்புக்கு இடமில்லை. சிக்னல் நன்றாக எட்டுகிற அறைக்கு அதுவே போதுமானது. வை-ஃபை என்றால் தரம் குறைவு என்ற நினைப்பு தேவையில்லை. மேலே சொன்ன 1.4 மெகாபிட்டை நினைத்துப் பாருங்கள்.

மற்ற சில்லறைத் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டரோடு வரும் இரண்டு பின் அடாப்டர்கள் ஸ்விட்சிங் முறையில் வேலை செய்பவை. மலிவான அடாப்டர் தன் இரைச்சலை வயரிங் வழியாக ஊருக்கும் பரப்பும். உலோக உடம்புள்ள லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தடவினால் மெல்ல எறும்பு ஊர்வது போலிருக்கிறதே, அது அடாப்டருக்குள் இருக்கும் சின்னக் கெபாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம். ரவுட்டர், ஸ்ட்ரீமர், ஆம்ப்ளிஃபையர் மூன்றையும் ஒரே போர்டில், நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டினாலே பாதித் தொல்லை தீரும். அடாப்டர் ஒயரில் கறுப்பாக உருளை ஒன்று கோத்திருப்பார்கள், ஃபெரைட். 1930இல் டோக்கியோவில் கண்டுபிடித்தது. இதை மாட்டினால் உயர் அதிர்வெண் இரைச்சல் மட்டும் அடங்கும். 50 ஹெர்ட்ஸ் ஹம்மை அது தொடவே தொடாது. ஹம்முக்கு ஃபெரைட் விற்கிற கடையை நம்பாதீர்கள்.

ஃபேன் ரெகுலேட்டர் சுழற்றும் மாதிரியாக இருந்து, நடு வேகத்தில் ஸ்பீக்கர் ‘ஜ்ர்ர்’ என்றால், படிப்படியாகத் திரும்பும் கெபாசிட்டர் ரெகுலேட்டராக மாற்றுங்கள். மின்வெட்டு ஆண்டுகளில் அவசரத்துக்கு வாங்கிய சதுர அலை இன்வெர்ட்டர் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கரண்ட் போனதும் ஃபேனே முனகும், ஆம்ப்ளிஃபையர் சும்மா இருக்குமா? அடுத்த தடவை பேட்டரி மாற்றும்போது சைன் அலை இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள். செல்போனை ஸ்பீக்கர் ஒயர் பக்கத்தில் வைத்தால் அழைப்பு வருமுன் ‘டட்-டட்-டட்’ என்று ஒலிக்கும். பழைய 2ஜி முறையில் போன் வினாடிக்கு 217 தடவை விட்டு விட்டு ஒலிபரப்புவதால் வருவது. போனை ஒரு கை தூரம் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

எல்லாம் செய்த பிறகும் ஒரு சத்தம் மிச்சமிருக்கும். ஒலியை முழுவதும் ஏற்றி, பாட்டை நிறுத்திவிட்டு, காதை ஸ்பீக்கரோடு ஒட்டினால் ‘ஸ்ஸ்’ என்று மெல்லக் கேட்கும். பாய்க்கு அதுவும் கேட்டது. அதையும் எடுக்கச் சொன்னார். “அது போகாது பாய்” என்றேன். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் அதை அளந்து, ஹாரி நைக்விஸ்ட் காரணம் சொல்லி, 1928இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு மின்தடையிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் துடிக்கின்றன. அந்தத் துடிப்பே இரைச்சல். சூடு இருக்கிற வரை அது இருக்கும். நம்ம ஊர் சித்திரை வெயில் அதைக் கூட்டுமோ என்று பாய் கேட்டார். 27 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குப் போனாலும் அது கூடுவது 0.2 டெசிபல்தான், எந்தக் காதுக்கும் தெரியாது. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பாடல்களில் ஊசி உரசும் சத்தமும் அப்படித்தான். அது அந்தப் பாட்டோடு பிறந்தது. நீக்கும் மென்பொருள் இருக்கிறது என்று பாயின் மகன் சொல்லியிருக்கிறான். ஒரு பாட்டில் போட்டுப் பார்த்தார். உரசலோடு குரலின் கம்பீரமும் கொஞ்சம் போய்விட்டது. வேண்டாம் என்று பழையபடியே வைத்துக்கொண்டார். எந்த இரைச்சல் வீட்டில் உண்டானது, எது பாட்டிலேயே இருப்பது என்று பிரித்துத் தெரிந்துகொண்டபின் அவர் மறுபடி ரிப்பேருக்கு என்னைக் கூப்பிடவில்லை, பாட்டுக் கேட்பதற்குத்தான் கூப்பிடுகிறார்.

எர்த் பற்றி இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். எங்கள் தொழில் கணக்கில் வீட்டு எர்த் 5 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். வேலூர்ப் பக்கத்துக் கோடையில் மண் காய்ந்து இறுகிவிடும். கௌண்டன்ய நதியே மணலாகக் கிடக்கும்போது எர்த் குழியில் மட்டும் ஈரம் எங்கிருந்து வரும்? மாசியில் கம்பிக் குழாயைச் சுற்றி உப்பும் கரியும் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டு, பங்குனியிலிருந்து மழை வரும் வரை வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லையென்றால், ஸ்பீக்கர் ஒயருக்குச் செலவழிக்குமுன் அதை வாங்குங்கள். எர்த் சரியாக இருந்தால் கருவியில் கசிவு வந்ததுமே அது டிரிப் ஆகிவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் டிரிப் ஆகும். அந்தச் சுவிட்சில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ‘டப்’பென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். வருகிற ஆள் கையில் மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிங் பிளேயர் மட்டும் இருந்தால் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.